மின்குமிழ் வழக்குகளில் ஓர் அகதியின் மகன்

ஒரு கடதாசித் துண்டு ஒரு மனிதனின் வாழ்வை எவ்வாறு ஆட்டிவைக்கும் என்பதை எம்மவர்க்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னது நிகழ்ந்தது என்று ஆதாரத்துடன் நிறுவினால் தங்கலாம், நிறுவத் தவறினால் திரும்பிச் செல்ல வேண்டும் என்ற நிலையில் பல ஆண்டுகளைக் கழித்தவர்கள் நாம். பிறப்புச் சான்றிதழையும் பல்கலைக்கழகப் பட்டத்தையும் பொலித்தீன் உறையிலிட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடல் கடந்தவர்கள் எம்மிடையே உளர். பேராதனையிலும் மொரட்டுவையிலும் மின்பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றும், வந்த நாட்டில் அது செல்லாது என்றாகிவிட, உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவியவர்களையும் நாம் அறிவோம்.

மின்சாரத்தின் நுட்பத்தையும் கடதாசியின் வலிமையையும் ஒருங்கே கற்று, அவ்விரண்டையும் கொண்டு தலைநிமிர்ந்து வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை இன்று வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். அவர் பெயர் லூயிஸ் ஹவார்ட் லற்றிமர். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடி வந்த கறுப்பினப் பெற்றோரின் மகன். பல்கலைக்கழக வாசலை மிதியாதவர். ஆயினும், மின்பொறியியலாளராகவும் ஆக்கவுரிமை வழக்குகளில் நிபுணராகவும் அமெரிக்காவின் மிகப் பெரிய மின்சாரக் கம்பனிகள் நாடிய மனிதராக விளங்கியவர்.

தப்பி வந்த பெற்றோர்

1842ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள வேர்ஜீனியா மாநிலத்தின் நோர்போக் நகரிலிருந்து ஜோர்ஜ் லற்றிமர் என்ற இளைஞரும் கருவுற்றிருந்த அவரது மனைவி ரெபேக்காவும் கப்பலொன்றில் ஒளிந்து தப்பினர். வடக்கே பொஸ்ரன் நகரை அடைந்த சில நாட்களிலேயே கணவர் அடையாளம் காணப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். அவரைத் தமது உடைமை என உரிமை கோரி எசமானர் நேரில் வந்து சேர்ந்தார்.

பொஸ்ரன் மக்கள் கொதித்தெழுந்தனர். கூட்டங்கள் நடைபெற்றன. இந்த ஒரு மனிதரின் விடுதலைக்காகவே தனியொரு பத்திரிகை வெளியிடப்பட்டது. இறுதியில் 400 டொலர் கொடுத்து அவரது விடுதலை வாங்கப்பட்டது. இயக்கம் அத்துடன் ஓயவில்லை. சுமார் 65,000 பேர் ஒப்பமிட்ட மனுவொன்று மசாச்சுசெற்ஸ் சட்டசபையின் முன் வைக்கப்பட்டது. அதன் பயனாக, தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க மாநில அதிகாரிகள் துணைபோகலாகாது, மாநிலச் சிறைகளும் அதற்குப் பயன்படலாகாது என்னும் சட்டம் 1843இல் நிறைவேறிற்று. அச்சட்டத்தை மக்கள் லற்றிமரின் பெயராலேயே அழைத்தனர்.

இப்பெற்றோரின் கடைசிப் பிள்ளையாக 1848 செப்டெம்பர் 4ஆம் நாள், பொஸ்ரனை அடுத்த செல்சியில் லூயிஸ் பிறந்தார். வறுமை அக்குடும்பத்தை விட்டகலவில்லை, அச்சமும் விட்டகலவில்லை. கறுப்பினத்தவர் அமெரிக்கப் பிரசைகளாக முடியாது என 1857இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்கொட் வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டில் தந்தை குடும்பத்தைவிட்டு மறைந்தார். மீண்டும் பிடிபடுவோம் என்ற அச்சமே அவரை ஓடச் செய்தது எனக் கருதுவோர் பலர். பத்து வயதுச் சிறுவனின் வீடு சிதறிப் போயிற்று.

அதே 1858ஆம் ஆண்டில் வொஷிங்ரனில் மற்றொரு முடிவும் எடுக்கப்பட்டது. அடிமையொருவர் கண்டுபிடித்த கருவிக்கு அவருடைய எசமானர் ஆக்கவுரிமை கோரியதையடுத்து எழுந்த கேள்விக்கு, அடிமையின் கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை வழங்க முடியாது என அமெரிக்கச் சட்டமா அதிபர் கருத்துரைத்தார். விண்ணப்பிப்பவர் தாமே கண்டுபிடித்ததாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றது சட்டம். எசமானரோ கண்டுபிடித்தவரல்லர், அடிமைக்கோ அத்தகைய சத்தியம் செய்யும் தகுதியைச் சட்டம் வழங்கவில்லை. ஆகவே அக்கண்டுபிடிப்பு எவருக்கும் உரியதன்று என்றாயிற்று.

படவரைஞரின் மேசையில்

உள்நாட்டுப் போர் மூண்டபோது, 1864இல், பதினாறு வயதளவில் லூயிஸ் வடபகுதியின் கடற்படையிற் சேர்ந்தார். 1865இல் நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டு பொஸ்ரன் திரும்பியவருக்கு, குறொஸ்பி அன்ட் கூல்ட் என்னும் ஆக்கவுரிமைச் சட்டத்தரணிகளின் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாக வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 3 டொலர்.

ஆக்கவுரிமை என்பது யாது? ‘பேட்டன்ட்’ எனப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். அது அரசுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையிலான ஒருவகை உடன்பாடு. கண்டுபிடித்தவர் தமது இரகசியத்தை எழுத்திலும் படத்திலும் முழுமையாக வெளியிடுகின்றார். பதிலாக, குறித்த காலத்துக்கு வேறெவரும் அவரது அனுமதியின்றி அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது என அரசு அவருக்கு உரிமை வழங்குகின்றது. அன்றைய அமெரிக்காவில் அக்காலம் 17 ஆண்டுகள். இன்று பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். விண்ணப்பத்தின் இறுதியில் ‘நாம் உரிமை கோருவது இன்னதே’ என வரம்பு கட்டி எழுதப்படும் வாசகங்களே அதன் உயிர்நாடி. ஒரு சொல் அகன்றால், முன்பே இருந்த ஒன்றையும் அது தொட்டுவிடும்; உரிமை செல்லாது போகும். ஒரு சொல் குறுகினால், போட்டியாளர் அருகிலேயே வேறு வழி கண்டு தப்பிவிடுவார். எனவே இத்தொழிலில் இருப்பவர் இயந்திரத்தையும் அறிய வேண்டும், சொல்லையும் அறிய வேண்டும்.

அந்த அலுவலகத்தில் படம் வரைபவரின் கைகளை லூயிஸ் நாள்தோறும் கவனித்தார். அவர் எந்தெந்தக் கருவிகளைப் பயன்படுத்துகின்றார் என அறிந்து, பழைய புத்தகமொன்றையும் பழைய வரைகருவிகளையும் தேடி வாங்கினார். இரவு நேரங்களில் வீட்டிலிருந்து பழகினார். கை தேறியதும், தமக்கும் ஒரு படம் வரையத் தருமாறு கேட்டார். முதலில் நகைத்தவர்கள் பின்னர் வேலை கொடுத்தனர். சில ஆண்டுகளில் அவரே தலைமைப் படவரைஞர் ஆனார். வாரச் சம்பளம் 20 டொலராக உயர்ந்தது.

1874இல் புகையிரதப் பெட்டிகளுக்கான மலசலகூட அமைப்பொன்றுக்கு, சாள்ஸ் பிறவுண் என்பவருடன் இணைந்து லற்றிமர் தமது முதலாவது ஆக்கவுரிமையைப் பெற்றார். அடிமையின் கண்டுபிடிப்புக்கு உரிமை கிடையாது எனக் கூறப்பட்டு அப்போது பதினாறு ஆண்டுகளே கடந்திருந்தன. தப்பி வந்த அடிமையின் மகன், தாமே கண்டுபிடித்ததாகச் சத்தியம் செய்து, தமது பெயரில் அரச முத்திரை பெற்றார்.

1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தொலைபேசி ஆக்கவுரிமை விண்ணப்பத்துக்கான படங்களை வரையும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. பெல்லும் ஸ்கொத்லாந்தில் பிறந்து கனடா வழியாக வந்த குடிபெயர்ந்தவரே. பெல் தமது இரவு வகுப்புகளை முடித்துக்கொண்டு வரும்வரை காத்திருந்து, இரவு ஒன்பது மணிக்கு மேலும் அவருடன் இருந்து படங்களை நிறைவுசெய்ததாக லற்றிமர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். விண்ணப்பம் பெப்ரவரி 14ஆம் நாள் கையளிக்கப்பட்டது. அதே நாளில் எலிசா கிறே என்பவரும் தொலைபேசி குறித்து ஆக்கவுரிமைக் காரியாலயத்தில் முன்னறிவித்தலொன்றைப் பதிந்தார். ஒரே நாளில் வந்த இவ்விரு பத்திரங்களும் எழுப்பிய பிணக்கு நெடுங்காலம் நீடித்தது.

மின்குமிழின் இழை

1880இல், கனெக்ரிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் லற்றிமர் படம் வரைந்துகொண்டிருந்ததைக் கண்டு வியந்தார் ஹைரம் மக்சிம் என்ற கண்டுபிடிப்பாளர். கறுப்பினத்தவர் ஒருவர் அத்தொழில் செய்வதை அவர் அதற்கு முன் கண்டதில்லை. உடனே அவரைத் தமது யுனைற்றட் ஸ்ரேற்ஸ் எலக்ரிக் லைற்றிங் கம்பனியிற் சேர்த்துக்கொண்டார். தோமஸ் எடிசனுக்குக் கடும் போட்டியாக விளங்கிய நிறுவனம் அது.

மின்குமிழைக் கண்டுபிடித்தவர் லற்றிமரே எனச் சிலர் எழுதிவருகின்றனர். அது மிகை. இங்கிலாந்தில் ஜோசப் சுவான், அமெரிக்காவில் எடிசன் எனப் பலரின் உழைப்பில் உருவானது மின்குமிழ். லற்றிமரின் பங்களிப்பு வேறு. அது அவருக்குப் பெருமை தரப் போதுமானது. அக்காலக் குமிழ்களின் உள்ளே எரிந்தது மெல்லிய காபன் இழை. நார்ப்பொருளைக் காற்றுப்படாது சூடாக்கிக் கரியாக்கும்போது அவ்விழைகள் வளைந்து முறிந்துபோயின. அவற்றை அட்டை உறைகளுக்குள் வைத்துச் சூடாக்கினால், உறையும் இழையும் ஒத்த அளவில் சுருங்க, இழை கோணாது நிலைக்கும் என அவர் கண்டார். அம்முறைக்கு 1882 ஜனவரி 17ஆம் நாள் 252,386 என்ற இலக்கத்தில் ஆக்கவுரிமை கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில், காபன் இழையை உலோகக் கம்பியுடன் பொருத்தும் முறை தொடர்பாக, ஜோசப் நிக்கல்ஸ் என்பவருடன் சேர்ந்து மற்றோர் உரிமையையும் பெற்றிருந்தார். இரண்டும் கம்பனிக்கே எழுதிக் கொடுக்கப்பட்டன. கண்டுபிடித்தவர் பெயர் பத்திரத்தில் நிலைத்தது. வருவாய் கம்பனிக்குச் சென்றது.

நியூயோர்க், பிலடெல்பியா நகரங்களில் விளக்குகளை நிறுவியபின் அவர் கனடாவின் மொன்றியல் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே தொழிலாளர் பேசியது பிரெஞ்சு. அவர் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. வேலைக்கு வேண்டிய கட்டளைகளைப் பிரெஞ்சில் எழுதிவைத்து இரவில் பயின்றார். பகலில் தந்திக் கம்பங்களில் ஏறி விளக்குகளைப் பொருத்தியபடி அவற்றைக் கூறினார். தமது மொழியைப் பேச முயன்ற அவரைத் தொழிலாளர் மதித்தனர் என அவர் குறித்துவைத்துள்ளார். வந்த நாட்டின் மொழியை இரவு வகுப்பில் தட்டுத்தடுமாறிக் கற்ற எம்மவர்க்கு இது புதிய அனுபவமன்று.

பின்னர் இலண்டனில் குமிழ்த் தொழிற்சாலையொன்றை நிறுவச் சென்றார். வேலை தந்ததற்காக எசமானர் முன் தொழிலாளர் குனிந்து நிற்கும் வழக்கம் அங்கே அவருக்கு ஒவ்வவில்லை. மாதங்கள் சில கழித்து நாடு திரும்பியபோது பழைய கம்பனியில் அவருக்கு இடம் இருக்கவில்லை.

வழக்கு மன்றில்

1884இல் எடிசனின் மின்விளக்குக் கம்பனி அவரை ஏற்றுக்கொண்டது. சில ஆண்டுகளில் அதன் சட்டப் பகுதிக்கு மாற்றப்பட்டார். காபன் இழைக் குமிழுக்கு எடிசன் 1880 ஜனவரி 27ஆம் நாள் பெற்ற 223,898ஆம் இலக்க ஆக்கவுரிமையைப் பல கம்பனிகள் மீறிவந்தன. 1885இல் எடிசன் தரப்பு தொடுத்த முதன்மை வழக்கில் எதிராளி யார்? லற்றிமர் முன்னர் பணியாற்றிய அதே யுனைற்றட் ஸ்ரேற்ஸ் எலக்ரிக் லைற்றிங் கம்பனியே. இரு தரப்பின் பட்டறைகளிலும் என்ன நடந்தது என்பதைத் தமது கைகளாலேயே அறிந்தவராக அவர் விளங்கினார்.

சட்டப் பகுதியில் மின்பொறியியலாளருக்கு என்ன வேலை என வாசகர்கள் வினவக்கூடும். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, முதலில் விண்ணப்பித்தவரன்றி, முதலில் கண்டுபிடித்தவரே உரிமைக்குரியவர். 2013இல்தான் அம்முறை கைவிடப்பட்டது. ஆகவே ஒவ்வொரு வழக்கும் ‘எப்போது?’ என்ற வினாவில் வந்து நின்றது. இக்குமிழ் எந்த ஆண்டில் செய்யப்பட்டது, இக்குறிப்பேட்டில் உள்ள நாள் உண்மையானதா, முன்பிருந்த தடித்த காபன் கோலுக்கும் எடிசனின் மெல்லிய இழைக்கும் உள்ள வேறுபாடு யாது? இவற்றை ஆராய்ந்து, நீதிபதிக்கு விளங்குமாறு படம் வரைந்து, வேண்டியபோது சாட்சிக் கூண்டிலும் நின்று சொல்ல வேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணையிற் சொல் தடுமாறினால், உண்மையும் பொய்யாகிவிடும். இதுவே லற்றிமரின் பணி. 1890இல் எடிசன் முறையிலான மின்விளக்கைப் பற்றி அவர் எழுதிய நூலும் வெளியாயிற்று.

1891இல் எடிசன் தரப்பு வென்றது. 1892இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. எதிர்த்தரப்பினர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. ஜேர்மனியிலிருந்து குடியேறி நியூயோர்க்கில் கடிகாரத் தொழில் செய்த ஹென்றி கோபெல் என்பவர், எடிசனுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே தாம் குமிழ் செய்ததாக 1893இல் கூறினார். பழைய குமிழ்கள் சிலவும் மன்றில் காட்டப்பட்டன. அவை உண்மையிற் பழையனவல்ல, பிற்காலத்தில் செய்யப்பட்டவையே என்பதை வெளிக்கொணர்ந்ததில் லற்றிமருக்குப் பங்குண்டு என அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுகின்றனர். கோபெலின் கதையை எல்லா நீதிபதிகளும் ஒரே கண்கொண்டு நோக்கவில்லை. ஒரு மன்று போட்டிக் கம்பனிக்குத் தடை விதித்தது; மற்றொன்று ஐயமுண்டு எனக் கூறித் தடை விதிக்க மறுத்தது. இறுதித் தீர்ப்புக்கு முன்னரே, 1894இல், எடிசனின் உரிமைக் காலமும் முடிந்துபோயிற்று.

ஓயாத வழக்குகளாற் களைத்த இரு பெரும் நிறுவனங்களான ஜெனரல் எலக்ரிக்கும் வெஸ்ரிங்ஹவுசும் 1896இல் உடன்பாட்டுக்கு வந்து ஆக்கவுரிமைகளுக்கான கூட்டுச் சபையொன்றை அமைத்தன. அதன் தலைமைப் படவரைஞராக லற்றிமரே அமர்ந்தார். 1911வரை அது இயங்கிற்று. அதன் பின்னரும் தனிப்பட்ட ஆலோசகராகத் தொழிலைத் தொடர்ந்தார். 1918இல் எடிசனின் பழைய சகபாடிகள் அமைத்த ‘எடிசன் முன்னோடிகள்’ சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். அவர்களுள் கறுப்பினத்தவர் அவர் மட்டுமே.

புதியவர்களுக்கு ஆசிரியர்

இவ்வரலாற்றில் எம்மைப் பெரிதும் தொட்ட செய்தி இனித்தான் வருகின்றது. நியூயோர்க்கின் கிழக்குப் பகுதி அக்காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து துன்பத்துக்குத் தப்பி வந்த ஏழைகளால் நிறைந்திருந்தது. அவர்களுக்கெனத் தொண்டு புரிந்த ஹென்றி ஸ்ரீற் நிலையத்தில், 1906ஆம் ஆண்டளவில், லற்றிமர் பாடம் நடத்தினார். அவர் கற்பித்தவை இரண்டு: ஒன்று ஆங்கிலம், மற்றையது இயந்திரப் படம் வரைதல். எவ்விரண்டு தமது வாழ்வை உயர்த்தினவோ, சொல்லும் படமுமாகிய அவ்விரண்டையே அவர் பிறருக்கும் வழங்கினார். பிறந்த நாட்டிலேயே பிரசை அல்லன் எனத் தீர்ப்பிடப்பட்ட இனத்தின் பிள்ளை, அந்நிய நாட்டார் அந்நாட்டிற் காலூன்றக் கை கொடுத்தார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

1928 டிசெம்பர் 11ஆம் நாள், நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியிலுள்ள பிளஷிங்கில் அவர் காலமானார். அவர் வாழ்ந்த மரவீடு இடித்தழிக்கப்படும் நிலைக்கு வந்தபோது, 1988இல் அது வேறிடத்துக்குப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டு இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. 2006இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

எமது பிள்ளைகளுக்கு

மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் என்ற மூன்று படிகளைத் தவிர வேறு படிகள் எமது பெற்றோரின் கண்களுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. பொறியியலுக்கும் சட்டத்துக்கும் இடையே இப்படியொரு கதவு உண்டு என்பதைப் பலர் அறியார். அமெரிக்காவில் ஆக்கவுரிமைக் காரியாலயத்தின் முன் தோன்றுவதற்கு அறிவியல் அல்லது பொறியியற் கல்வி அவசியம்; தகுதிப் பரீட்சையிற் சித்தியடைந்தால், சட்டப் பட்டம் இன்றியே முகவராகலாம். மியூனிச் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய ஆக்கவுரிமைக் காரியாலயம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் ஆகிய மூன்று மொழிகளிற் கருமமாற்றுகின்றது. பாடசாலையில் ஜேர்மனோ பிரெஞ்சோ பேசி, ஆங்கிலமும் கற்று வளரும் எமது பிள்ளைக்கு, பிறர் முயன்று தேடும் மொழித்தகுதி ஏறத்தாழக் கைவசமே உள்ளது. எனினும் அங்கே பணிபுரிய உறுப்பு நாடொன்றின் பிரசாவுரிமை வேண்டும். ஆகவே தஞ்ச விண்ணப்பம் முடிவாகாதோருக்கு இக்கதவு இன்று திறவாது. அவர்தம் பிள்ளைகளுக்குத் திறக்கக்கூடும்.

தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எம்மவர்க்கும் ஒரு வார்த்தை. நாள்தோறும் கையாளும் இயந்திரத்தில் ஒரு குறையைக் கண்டு, அதற்கு வழியும் கண்டவர்கள் உளர். ஐரோப்பாவில், விண்ணப்பிக்கு முன் அதனைப் பகிரங்கப்படுத்தினால் உரிமை கைநழுவிப்போகும். ஜேர்மனியில் ஊழியரின் கண்டுபிடிப்பை முதலாளி தமதாக்கிக்கொண்டால் நியாயமான ஊதியம் வழங்க வேண்டும் என 1957ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. லற்றிமருக்கு அத்தகைய சட்டத்தின் துணை இருக்கவில்லை. எம்மவர் அறியாமையால் அதனை இழந்துவிடலாகாது.

லற்றிமரின் தந்தை ஓடி வந்தபோது, அவர் மீது பிறர் உரிமை கோரிய பத்திரமே அவரைத் துரத்தி வந்தது. மகனோ, எதற்கு யார் உரியவர் என நாட்டின் மன்றுகள் முடிவு செய்வதற்கான பத்திரங்களை வரைந்தார். இடைப்பட்ட தூரத்தை அவர் கடந்தது பழைய வரைகருவிகள் சிலவற்றையும் இரவு நேரங்களையும் கொண்டே. எமது வீடுகளிலும் இரவு வேலை முடிந்து வந்து புத்தகத்தை விரிப்பவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்கு இக்கட்டுரையைக் காணிக்கையாக்குகின்றோம்.